அடைகாக்க மறந்த வாத்து

இந்த வாரம் வாத்து. பெரிய பண்ணை வாத்து இல்லை, வீட்டுக்குப் பின்னால் நாலோ ஆறோ வளர்ப்பாங்களே, அந்த வாத்து.

அப்படி வளர்க்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. "உங்க வாத்து எப்பவாவது அடை உட்கார்ந்திருக்கா?" பெரும்பாலும் சிரிப்பார்கள். வாத்து விடிவதற்கு முன்னால் முட்டை போடும். வைக்கோலில் போடும், சேற்றில் போடும், நடக்கும்போதே போட்டுவிட்டும் போகும். திரும்பிப் பார்க்காது. கோழி முட்டையிட்டால் ஊரையே கூட்டிக் கொக்கரிக்கும். வாத்துக்கு அது தன்னோட முட்டை என்ற எண்ணமே இருக்கிற மாதிரி தெரியாது. பொறுப்பில்லாத பறவை என்று நாட்டுப்புறத்தில் அதற்கு ஒரு கெட்ட பெயரே உண்டு.

ஆனால் காட்டில் இருக்கிற அதன் மூதாதை அப்படிக் கிடையாது. எங்கோ நடுவில் இந்தக் குணம் போயிருக்கிறது. தானாகப் போகவில்லை, நாம் போக்கினோம். அதுவும் திட்டம் போட்டு இல்லை. முட்டையை எண்ணி எண்ணியே போக்கினோம். அந்தக் கதைதான் இன்றைக்கு.

முதலில் அந்த மூதாதை. நம் வீட்டு வாத்துகள் கிட்டத்தட்ட எல்லாமே மல்லார்ட் என்கிற காட்டு வாத்தின் வழி வந்தவை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்றேன். பச்சைத் தலை, மஞ்சள் அலகு, கழுத்தில் வெள்ளை வளையம்: அதுதான் ஆண் மல்லார்ட். டார்வின் 1868-ல் வெளியிட்ட வளர்ப்பு விலங்குகள் பற்றிய புத்தகத்தில் இதற்கு ஓர் அழகான அடையாளம் சொல்கிறார். ஆண் மல்லார்டின் வால் நடுவில் சில இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். வெள்ளையோ, கறுப்போ, பழுப்போ, எந்த வீட்டு ஆண் வாத்தின் வாலைப் பார்த்தாலும் அதே சுருள் இருக்கும். அடுத்த முறை ஒரு வாத்துக் கூட்டத்தைப் பார்த்தால் இதைக் கவனிங்க; எது ஆண், எது பெண் என்று கண்டுபிடிக்கவும் இதுதான் எளிய வழி.

டார்வின் இன்னொன்றும் செய்தார். காட்டு வாத்தின் எலும்புகளையும் வீட்டு வாத்தின் எலும்புகளையும் எடை போட்டு ஒப்பிட்டார். மொத்த எலும்புக்கூட்டின் எடையோடு பார்க்கும்போது வீட்டு வாத்துக்குச் சிறகெலும்பு குறைந்திருந்தது, காலெலும்பு கூடியிருந்தது. பறப்பது குறைந்து நடப்பது கூடியதன் கணக்கு எலும்பிலேயே எழுதியிருக்கிறது. சிறகு போனதை அவர் தராசில் பார்த்துவிட்டார். தாய்மை போனதைப் பார்க்க அப்படி ஒரு தராசு கிடையாது.

பெண் மல்லார்ட் எப்படி அடைகாக்கும் என்று பார்த்தால்தான் இழப்பு புரியும். மறைவான புல்லுக்குள் ஒரு பள்ளம் அமைத்து, தன் மார்பிலிருந்தே மெல்லிய தூவியைப் பிடுங்கி மெத்தை போடும். பத்து முட்டை அளவில் இடும். கடைசி முட்டை வந்த பிறகுதான் உட்காரும், அப்போதுதான் எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் வெளியே வரும். சுமார் 28 நாள். ஆண் வாத்து அதற்குள் நழுவிவிடும். இவள் மட்டும் கொஞ்ச நேரம் எழுந்து போய், தின்று, நனைந்து, ஈர உடம்போடு திரும்பி வந்து உட்காருவாள். அந்த ஈரம் முக்கியம். முட்டை அதிகமாகக் காய்ந்துபோனால் உள்ளேயிருக்கும் சவ்வு இறுகி, குஞ்சு உடைத்துக்கொண்டு வர முடியாமல் செத்துப்போகும்.

இதில் வளர்ப்பவருக்கு என்ன தொந்தரவு? உட்கார்ந்த வாத்து முட்டை போடாது. 28 நாள் அடை, அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிகிற வாரங்கள், ஆக இரண்டு மாதத்துக்குக் குறையாமல் முட்டைக் கூடை காலி. முட்டைக்காக வாத்து வளர்ப்பவனுக்கும் தாயாக இருக்க நினைக்கிற வாத்துக்கும் நடுவில் முதல் நாளிலிருந்தே வழக்கு இருந்திருக்கிறது.

இந்த வழக்குக்கு மனிதன் கண்டுபிடித்த முதல் தீர்ப்பு என்ன தெரியுமா? கோழி.

ரோமாபுரிக்குப் போவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்று ஒருவர். ஸ்பெயினின் காதிஸ் ஊர்க்காரர், நிலக்கிழார். விவசாயம் பற்றி விரிவாக எழுதினார், அதில் வாத்துக்கொட்டில் கட்டுவது பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. சுற்றிலும் 15 அடி உயரச் சுவர், நடுவில் குளம், மேலே வலை. வலை எதற்கு? உள்ளே இருப்பது பறந்து போகாமல் இருக்கவும், வெளியே இருக்கிற கழுகு உள்ளே வராமல் இருக்கவும். அதாவது அவர் வளர்த்தது இன்னும் முழுசாக வீட்டு வாத்து ஆகாத வாத்து. கதவைத் திறந்தால் ஓடிவிடும்.

இந்த வாத்தைப் பழக்குவதற்கு அவர் சொல்கிற வழி இதுதான். சதுப்பு நிலத்தில் போய் காட்டு வாத்தின் முட்டைகளைத் திரட்டி வந்து, அடைக்கோழிக்குக் கீழே வைக்க வேண்டும். கோழியின் கீழே பொரித்து, கோழியோடு வளர்கிற குஞ்சு தன் காட்டுக் குணத்தை விட்டுவிடும். இது முன்னோர் வழக்கம் என்றும் சொல்கிறார், ஆகவே அவர் காலத்திலேயே இது பழையது.

இதை முதலில் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு பறவையை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு இன்னொரு பறவையின் மடி. அந்தக் கோழியும் ரோமாபுரிக்குச் சொந்தம் இல்லை. கோழியின் மூதாதையான காட்டுக்கோழி நம் ஆசியக் காடுகளைச் சேர்ந்தது. கிழக்கிலிருந்து போன கோழி, மேற்கே சதுப்பில் கிடந்த வாத்து முட்டைக்குச் சூடு கொடுத்திருக்கிறது. காக்கை கூட்டில் குயில் முட்டை வைப்பது நமக்குத் தெரியும். அங்கே ஏமாற்றுவது குயில். இங்கே ஏமாற்றியது மனிதன்.

கொலுமெல்லாவுக்கு நூறு வருஷம் முன்னால் சிசரோ, அவர் தத்துவம் பேசுகிற ஒரு நூலில், இதே காட்சியைத் தொட்டுவிட்டுப் போகிறார். கோழி பொரித்த வாத்துக் குஞ்சுகள் கொஞ்ச நாள் அந்தத் தாயோடு சுற்றும். தண்ணீரைப் பார்த்ததும் அவளை விட்டுவிட்டு இறங்கிவிடும். இயற்கை உயிர்களுக்குள் என்ன வைத்திருக்கிறது என்பதற்கு அவருக்கு இது ஓர் உதாரணம். பிளினியும் எழுதுகிறார், கரையில் நின்று தவிக்கிற கோழியைப் பற்றி. மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கணுமா என்று நம்ம ஊரில் கேட்போம் இல்லையா, அதே விஷயம்தான். ஆனால் நம் பழமொழி குஞ்சின் பக்கம் நிற்கிறது, பிளினி கோழியின் பக்கம் நிற்கிறார். எனக்கு இந்த விஷயத்தில் பிளினியைத்தான் பிடித்திருக்கிறது.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எதுவும் புதுசு இல்லை. அடைக்கு வந்த நாட்டுக்கோழியைப் பிடித்து, கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, எட்டு பத்து வாத்து முட்டையை அதன் கீழே வைப்பார்கள். வாத்து முட்டை பெரியது, அதற்கு மேல் கோழி இறக்கைக்குள் அடங்காது. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28. அந்த ஒரு வாரத்தைக் கோழி கணக்குப் பார்ப்பதில்லை, உட்கார்ந்துகொண்டே இருக்கும். கடைசி நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீரை முட்டை மேல் லேசாகத் தெளிப்பார்கள். அது ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் செய்யணும்" என்பார்கள். காட்டு வாத்து நனைந்த உடம்போடு வந்து செய்த வேலையைக் கை செய்கிறது, அவ்வளவுதான். இந்த நுட்பத்தைப் புத்தகத்தில் எழுதியவர்கள் ஆண்கள். தண்ணீர் தெளித்தது, நம்ம ஊரில் நான் பார்த்த வரைக்கும், பெண்கள்.

சரி, கோழி இல்லாமல் என்ன செய்வது? இதற்கு இரண்டாவது தீர்ப்பு சீனாவில்.

ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளரைத் தேயிலை பற்றிய எபிசோடில் பார்த்தோம். சீனத் தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கடத்தி வந்தவர். அதற்கு முன்னால், 1840-களில் அவர் செய்த முதல் பயணத்தில் சூஷான் தீவில் ஒரு குஞ்சு பொரிக்கும் கூடத்தைப் பார்த்தார். மண் சுவர் வைத்த, வைக்கோல் வேய்ந்த ஒரு நீளக் கொட்டகை. உள்ளே வைக்கோலால் பின்னி மண் பூசிய கூடைகள், அவற்றின் அடியில் நெருப்பு. கூடையில் வாத்து முட்டைகள்.

நாலைந்து நாள் கழித்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கதவிடம் கொண்டுபோவார்கள். கதவில் முட்டை அளவுக்கு ஓட்டைகள். வெளியே பகல் வெளிச்சம். முட்டையை ஓட்டையில் வைத்துப் பார்த்தால் உள்ளே கரு வளர்கிறதா இல்லையா என்று தெரியும். வளராததை விலக்கிவிட்டு மற்றதைத் திரும்பக் கூடைக்குள். பதினாலாவது நாள் வாக்கில் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் பரப்பி, பஞ்சும் போர்வையும் போட்டு மூடுவார்கள். இனி நெருப்பு வேண்டாம். பாதி வளர்ந்த கரு தானே சூடு தரும், ஒரு முட்டையின் சூடு அடுத்த முட்டைக்கு. இன்னும் பதினாலு நாளில் போர்வைக்கு அடியில் குஞ்சுகள்.

மின்சாரம் இல்லை, வெப்பமானி இல்லை. கையும் கண்ணும்தான். ஃபார்ச்சூன் இன்னொரு விஷயத்தையும் குறிப்பிடுகிறார்: பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எந்த நாள் குஞ்சு வரும் என்று தெரியும், பொரித்த இரண்டு நாளுக்குள் எல்லாம் விற்றுப்போய்விடும்.

இந்தக் கடைசி விவரத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வீட்டில் வாத்து வளர்ப்பவர் இனி குஞ்சு பொரிக்க வேண்டியதில்லை, வாங்கினால் போதும். வாத்து உட்காருதா இல்லையா என்ற கவலையே ஒழிந்தது. அப்படி ஒழிந்த இடத்தில், நன்றாக அடைகாக்கிற வாத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. கூடத்துக்கு முட்டை அதிகமாக வருவது அடை உட்காராத வாத்திடமிருந்துதான். அடுத்த தலைமுறையில் அதன் பிள்ளைகளே அதிகம். யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, கணக்கு தானாக நடந்தது.

இங்கிலாந்துக்கு வருவோம். லண்டனிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் எய்ல்ஸ்பரி என்று ஒரு ஊர். அங்கே ஏழைகள் குடியிருந்த பகுதிக்குப் பேரே 'டக் எண்ட்'. வாத்து மூலை என்று வைத்துக்கொள்ளலாம். பண்ணைக்காரர்களிடம் வெள்ளை வாத்தின் முட்டைகளை வாங்கி, கோழியை வைத்துப் பொரித்து, குஞ்சுகளை எட்டு வாரம் வளர்த்து, லண்டன் சந்தைக்கு அனுப்புவது இங்கே குடிசைத்தொழில். குடிசைத்தொழில் என்றால் நிஜமாகவே குடிசைக்குள். 1861-ல் வந்த திருமதி பீட்டனின் புகழ்பெற்ற வீட்டு நிர்வாகப் புத்தகத்தில் இது வருகிறது: கூடத்துச் சுவரோரமும், படுக்கையறையிலும்கூட, வைக்கோல் வைத்த மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும், அவற்றில் இருக்கிற குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வது மனைவியும் பிள்ளைகளும்.

குளிர்கால முடிவில் லண்டன் பணக்காரர்களுக்கு இளம் வாத்துக்கறி வேண்டும். அதற்குள் குஞ்சு எட்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். அப்படியென்றால் கடும் குளிரில் பொரிக்க வேண்டும். அந்தக் குளிரில் சூடாக இருக்கிற ஒரே இடம் அந்தக் குடும்பம் தூங்குகிற அறை. தங்களுக்கே இடமில்லாத வீட்டில் வாத்துக்கு இடம் கொடுத்தார்கள், வாடகை கட்ட. 1839-ல் எய்ல்ஸ்பரிக்கு ரயில் வந்ததும் கூடைகள் ஒரே இரவில் லண்டன் போய்ச் சேர்ந்தன. இறகும் தனியாக விலை போயிற்று, மெத்தைக்கு. நாற்றம் மட்டும் ஊரிலேயே தங்கியது. 1870-களில் சீனாவிலிருந்து பெக்கின் வாத்து வந்து, சீக்கிரம் வளர்ந்து, அதிக முட்டையும் போட்டது. எய்ல்ஸ்பரி வாத்துத் தொழில் மெல்லத் தேய்ந்தது.

ஆனால் இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு எய்ல்ஸ்பரி வாத்து என்றால் வேறு ஒரு முகம். பியாட்ரிக்ஸ் பாட்டர் 1908-ல் எழுதிய ஜெமிமா வாத்தின் கதை. பார்க்க அழகான குழந்தைக் கதை, உள்ளே முழுக்க நம்ம விஷயம். ஜெமிமா இடுகிற முட்டையைப் பண்ணைக்காரரின் மனைவி எடுத்துக்கொண்டுபோய்க் கோழிக்குக் கீழே வைத்துவிடுகிறார். வாத்துக்கு உட்காரத் தெரியாது என்பது பண்ணையின் முடிவு. ஜெமிமாவுக்குக் கோபம். நானே பொரிப்பேன் என்று காட்டுக்குள் இடம் தேடிப் போய், நரியிடம் மாட்டுகிறாள். நரி அவளுக்கு ஒதுக்கிக் கொடுக்கிற கொட்டகை முழுக்க இறகு. இறகு எங்கிருந்து வந்தது என்று அவள் யோசிப்பதில்லை. நாய் வந்து காப்பாற்றுகிறது, ஆனால் காப்பாற்ற வந்த நாய்க்குட்டிகளே முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. கடைசியில் அவளுக்கு அனுமதி கிடைத்து உட்கார்ந்தும் நாலு குஞ்சுதான் தேறுகிறது. பாட்டர் ஏரிப் பகுதியில் சொந்தப் பண்ணை வைத்திருந்தவர். அவருக்கு வாத்தும் தெரியும், வாத்து பற்றிப் பண்ணை வீட்டில் பேசுகிற பேச்சும் தெரியும்.

இப்போது நம்ம ஊர் வரைக்கும் வந்து சேர்ந்த வாத்தின் கதை. காக்கி கேம்பல்.

அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பாலி, லொம்போக் தீவுகளுக்குப் போகணும். அங்கே வயல் வாத்துகள் நிமிர்ந்து நடக்கும், பென்குவின் மாதிரி. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1856-ல் லொம்போக்கில் தங்கியபோது அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். அரிசிக் கப்பல் ஆட்கள் அவற்றைப் 'பாலி சிப்பாய்' என்று கூப்பிட்டார்களாம். ஒரு மூங்கில் கம்பு, அதன் நுனியில் வெள்ளை இறகோ துணியோ. அதன் பின்னால் கூட்டம் வயலுக்கு நடக்கும், கம்பை ஊன்றிய இடத்தைச் சுற்றி மேயும், சாயங்காலம் திரும்ப நடக்கும். தலைமுறை தலைமுறையாக நடந்து நடந்து ஒல்லியாகி, நிமிர்ந்து, நிறைய முட்டை போடுகிற வாத்து. நாள் முழுக்க நடக்கிற கூட்டத்தில் எது 28 நாள் உட்காரும்?

இந்த வாத்து 19-ம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்தின் வடமேற்குக் கரைக்கு வந்தது. அங்கே அதற்கு வைத்த பெயர் 'இந்தியன் ரன்னர்'. இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கிழக்கே இருந்து வந்த எதையும் இந்தியா என்று எழுதிவிடுவது அந்தக் காலத்து வழக்கம்.

குளூஸ்டர்ஷயரில் யூலி என்ற கிராமத்தில் ஒரு டாக்டரின் மனைவி, அடீல் கேம்பல். அவரிடம் ஒரு இந்தியன் ரன்னர் பெண் வாத்து இருந்தது. 196 நாளில் 182 முட்டை. இதை அவர் எண்ணி எழுதி வைத்திருந்தார். நாலைந்து வாத்து வைத்திருக்கிற ஒருவரால்தான் இப்படி எண்ண முடியும். ஐந்நூறு வாத்துக்காரருக்கு எந்த முட்டை யாருடையது என்றே தெரியாது. சின்னக் கூட்டத்தின் பலம் இது.

ஆனால் ரன்னர் வாத்தில் கறி கிடையாது, எலும்பு. கேம்பலுக்கு வீட்டுக்கு முட்டையும் வேண்டும், கொஞ்சம் கறியும் வேண்டும். பெரிய உடம்புள்ள ரூவன் என்ற பிரெஞ்சு இனத்தின் ஆண் வாத்தோடு சேர்த்தார். பிறகு உடல் உறுதிக்காகக் காட்டு மல்லார்டையும் கொண்டுவந்தார். 1898 வாக்கில் 'கேம்பல் வாத்து' என்று வெளியே அறிமுகமானது.

அப்போது இங்கிலாந்தில் வெளிர் பொன்னிறம்தான் நாகரிகம். அந்த நிறத்தில் கோழி, அந்த நிறத்தில் வாத்து. கேம்பலும் தன் வாத்தை அந்த நிறத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். வந்தது ஒரு மங்கலான மண் நிறம். அது போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம், சிப்பாய்கள் எல்லாம் மண் நிறச் சீருடையில். கேம்பல் தன் வாத்துக்குக் 'காக்கி' என்று பெயர் வைத்தார். பாரசீகத்தில் 'காக்' என்றால் மண், தூசி. 1840-களில் பெஷாவர் பக்கம் இருந்த ஒரு படைப்பிரிவின் உடுப்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இந்தோனேசியாவிலிருந்து போன வாத்துக்கு இந்தியா என்று தப்பான பெயர் வைத்தார்கள். இங்கிலாந்தில் பிறந்த வாத்துக்கு நம்ம பக்கத்துச் சொல் சரியாகப் பொருந்திவிட்டது. நம்ம ஊரில் காக்கி என்றால் போலீஸ் சட்டைதான் ஞாபகத்துக்கு வரும். காக்கி கேம்பலைப் பார்த்தால் ஒரு வகையில் அதுவும் சரியாகத்தான் இருக்கும்: நாலு பேராகச் சேர்ந்து, விறைப்பாக, ரோந்து போகிற மாதிரி நடக்கும்.

நல்ல வளர்ப்பில் ஒரு காக்கி கேம்பல் வருஷத்துக்கு 300 முட்டைக்குப் பக்கத்தில் போகும். பெரும்பாலான கோழிகளே அதனிடம் தோற்கும். ஆனால் அடை உட்காருவது அபூர்வம். இதில் எனக்கு வியப்பான விஷயம், கேம்பல் காட்டு ரத்தத்தை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். புல்லுக்குள் மறைந்து, தூவி பிடுங்கி, 28 நாள் உட்காருகிற அந்த மல்லார்டின் ரத்தம். அப்படியும் அந்தக் குணம் நிற்கவில்லை.

காரணம் உடம்புக்குள் இருக்கிறது. புரோலாக்டின் என்று ஒரு ஹார்மோன். பசுவுக்கும் மனிதத் தாய்க்கும் பால் சுரக்க வைப்பது அதுதான். பறவையில் அது ஏறினால் அடை உட்காரும் ஆசை வரும், அதோடு முட்டையிடுவது நின்றுபோகும். இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டு. அதிக முட்டை போட்டதின் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் நீங்கள் தேர்ந்தெடுப்பது அடை உட்காராததைத்தான். முட்டைக் கணக்கு எழுதுகிற நோட்டில் 'தாய்மை' என்று ஒரு பத்தி கிடையாது. 182 என்று எழுதியபோது அடீல் கேம்பல் எதையும் தொலைப்பதாக நினைத்திருக்க மாட்டார்.

அவர் காலத்திலேயே இங்கிலாந்தில் பொரிப்பானும் வந்துவிட்டது. சார்லஸ் ஹியர்சன் 1881-ல் விளக்குச் சூட்டைத் தானே கட்டுப்படுத்துகிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு சிறிய உலோக வில்லைக்குள் திரவம். சூடு கூடினால் அது உப்பி ஒரு கம்பியைத் தள்ளி விளக்கின் சூட்டைத் திருப்பிவிடும். கோழியின் மடிக்குப் பதில் அது. அதன் பிறகு வாத்து உட்காருமா என்று கேட்கவே யாருக்கும் அவசியம் இல்லை.

நம்ம நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் வாத்து என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நாலு வாத்து ஒரு பக்கம், ஊர் ஊராக நடக்கிற நூற்றுக்கணக்கான வாத்து இன்னொரு பக்கம். குட்டநாட்டில் சாரா, செம்பல்லி என்று இரண்டு நாட்டு இனங்கள். தமிழ்நாட்டில் ஆரணிப் பக்கத்து வாத்துக்கு ஒரு பெயர் உண்டு. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல், நத்தை, பூச்சி, இவற்றை மேய்ந்துகொண்டு கூட்டம் வயலுக்கு வயல் போகும். இரவில் வலை கட்டி அடைப்பார்கள். விடிவதற்குள் முட்டை விழும். காலையில் பொறுக்கிக்கொண்டு அடுத்த வயல். பாலியில் பார்த்த அதே கணக்குதான் இங்கேயும்: நடக்கிற கூட்டத்தில் உட்காருகிற வாத்துக்கு இடமில்லை. ஆகவே நம் நாட்டு வாத்தும் அடைகாப்பதில் சுமார்தான். அதற்கும் நாட்டுக்கோழிதான் துணை.

காக்கி கேம்பல் அரசாங்கம் வழியாக வந்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் மத்திய அரசின் வாத்துப் பண்ணை, அங்கிருந்து மாநிலங்களுக்குக் குஞ்சும் முட்டையும். குளம் இல்லாமலும் வளரும், தலை முங்குகிற அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் போதும், முட்டை அதிகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: மூன்று நாலு வருஷத்தில் முட்டை குறையும்போது அடுத்த குஞ்சுக்கு நீங்கள் திரும்ப வாங்கத்தான் வரவேண்டும்.

ஒரு காலத்தில் இது பெரிய பிரச்சினை இல்லை. தெருவுக்கு நாலு வீட்டில் அடைக்கோழி இருக்கும். பக்கத்து வீட்டில் சொல்லி வைத்தால் போதும். இப்போது அந்தக் கோழியும் மாறிவிட்டது. வெள்ளை லெகார்ன் அடை உட்காராது, அதையும் இதே முட்டைக் கணக்குதான் செய்தது. பிராய்லர் உட்காருகிற வயது வரைக்கும் உயிரோடு இருப்பதில்லை. முட்டைக்காக உருவாக்கிய பல கலப்பினங்களுக்கும் அந்தக் குணம் குறைவு. இரண்டாயிரம் வருஷமாக வாத்துக்குப் பதிலாக உட்கார்ந்த கோழியும் எழுந்து போய்விட்டது.

அதனால் இன்றைக்கு ஆறு காக்கி கேம்பல் வைத்திருப்பவருக்குப் பெட்டிப் பொரிப்பான்தான். 37.5 டிகிரி, தினமும் பல தடவை திருப்பி வைக்கணும், கடைசி நாட்களில் ஈரப்பதம் கூட்டணும். 28 நாளும் கரண்ட் இருக்கணும். ராத்திரி கரண்ட் போனால் எழுந்து பெட்டியை எதைக்கொண்டு மூடுவது என்று தேடுவார்கள். சூஷான் கொட்டகையில் இருந்ததும் பஞ்சும் போர்வையும்தான், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பாதி நாள் தாண்டிய முட்டைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும்.

கடைசியில் சொல்கிறேன் என்று ஒன்றைச் சொன்னேன் இல்லையா, மல்லார்ட் வழி வராத ஒரே வீட்டு வாத்து. மஸ்கோவி. நம்ம பக்கம் மணிலா வாத்து என்றும் சொல்வார்கள். மஸ்கோவி என்றால் மாஸ்கோ, மணிலா என்றால் பிலிப்பைன்ஸ், ஆனால் அது இரண்டு ஊரையும் சேர்ந்தது இல்லை, தென்னமெரிக்கப் பறவை. அங்கே ஐரோப்பியர் போவதற்கு முன்பே பழங்குடிகள் வீட்டில் வளர்த்தார்கள். முகத்தில் சிவப்புச் சதை, கத்தாது, ஒரு மாதிரி சீறும். பார்க்க அழகில்லை, முட்டையும் அவ்வளவு கிடையாது. யாரும் அதை முட்டைக்காகப் பெரிதாகத் தேர்ந்தெடுத்ததில்லை. அதனால் இன்னும் உட்காரத் தெரியும். தன் முட்டைக்கு 35 நாள் உட்காரும், வேறு வாத்தின் முட்டையை வைத்தாலும் சத்தமில்லாமல் உட்காரும். ஒரு எச்சரிக்கை: மஸ்கோவி ஆணை மற்ற வாத்துகளோடு விட்டால் பிறக்கிற கலப்புக்குஞ்சு மலடாக இருக்கும், கோவேறு கழுதை மாதிரி. அதனால் ஆறு காக்கி கேம்பலோடு ஒரே ஒரு பெண் மஸ்கோவி போதும், ஆண் வேண்டாம். வைக்கோல் போட்ட ஒரு மூலையும், பக்கத்தில் அது நனைந்து வர ஒரு தொட்டித் தண்ணீரும் வையுங்க.

அடுத்த எபிசோடில் ஆரணிப் பக்கம் வாத்துக் கூட்டத்தோடு நடக்கிறவர்களைப் பற்றி.